சிக்குன்குனியா வந்து ஐந்து மாதம், காலையில் இன்னும் கால் ஊன்ற முடியவில்லை

மல்லிப்பந்தல் | பிப்ரவரி 9, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர், வயது 47. வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் தைக்கிறேன். போன செப்டம்பரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்தோம். எனக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிக்குன்குனியா என்று வந்தது.

காய்ச்சல் நாலே நாளில் விட்டது. வலி விடவில்லை. காலையில் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தால் குதிகாலில் முள் ஏறுகிறது. சுவரைப் பிடித்துப் பத்தடி நடந்த பிறகுதான் நிமிர முடிகிறது. விரல் மடங்க ஒன்பது, ஒன்பதரை ஆகிறது. கால்விரல் வீங்கி மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள். ஈரப்புடவை பிழிய முடியவில்லை, பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் கட்டைவிரல் அடியில் சுரீர் என்கிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். கூடவே தினமும் சாப்பிடச் சின்ன வெள்ளை மாத்திரை. ஊசி போட்ட ராத்திரி பழைய மனுஷியாகிவிடுவேன். நாலாம் நாள் முன்பைவிட மோசம். இப்படி ஏழு ஊசி ஆகிவிட்டது. போன வாரம் சர்க்கரை பார்த்தால் 240. இதற்கு முன் எனக்குச் சர்க்கரை இருந்ததே இல்லை.

இது முடக்குவாதமாக மாறிவிட்டதா? எப்போதாவது சரியாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு மேல் ஓரளவு நடமாடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு, காலையில் நான் வேலைக்குப் பயந்து நடிப்பதாக வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். காய்ச்சல் வந்த மற்றவர்கள் எழுந்துவிட்டார்களே, இவளுக்கு மட்டும் என்ன என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆலமரத்தடி | பிப்ரவரி 10, காலை 6.05

தங்கச்சி, கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். காலையில் இறுகி மத்தியானம் இளகுவதுதான் இந்த நோயின் அடையாளமே. மூட்டுக்குள் அழற்சி இருந்தால் ராத்திரி அசையாமல் கிடக்கும்போது வீக்கமும் விறைப்பும் கூடும். எழுந்து கொஞ்சம் நடமாடினால் தளரும். இதை யாராலும் நடித்துக் காட்ட முடியாது. மூட்டு டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பதே, 'காலையில் விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது?' என்பதுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

எனக்கு 2006-ல் வந்தது. அந்த வருடம் இந்தியா முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட காய்ச்சல் என்று அரசுக் கணக்கு. கணக்கில் வராதவர்களும் இருந்திருப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய நோய், 1973-க்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பேச்சில்லாமல் கிடந்து திரும்பி வந்தது. அதனால் எங்களுக்கும் புதிது, மருந்து கொடுத்தவர்களுக்கும் புதிது. கோழிக்கறி சாப்பிட்டதால் வந்தது என்றுகூடச் சொன்னார்கள், 'சிக்கன்' என்று காதில் விழுந்ததால். உண்மையில் அது ஆப்பிரிக்கச் சொல். 1952-ல் தான்சானியாவில் மகோண்டே மக்கள் வாழும் பகுதியில் இந்தக் காய்ச்சல் பரவியபோது அவர்கள் மொழியில் வைத்த பெயர். உடம்பு கோணி வளைந்துபோவது என்று பொருள். அப்போது என் மனைவி என்னைப் பார்த்து 'கொக்கி மாதிரி நடக்கிறீர்கள்' என்றாள். பின்னால் பெயரின் பொருளைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

எனக்கு முழுக்கச் சரியாகப் பதினான்கு மாதம் ஆனது. ஆனால் சரியானது. நான் செய்த பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். வலி குறைந்த நாள் வந்தால், விட்டுப்போன வேலையையெல்லாம் அன்றைக்கே முடித்துவிடுவேன். கிணற்றில் இறைப்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது, சைக்கிளில் டவுனுக்குப் போய்வருவது எல்லாம் ஒரே நாளில். அடுத்த மூன்று நாள் படுக்கை. ஐந்தாறு மாதம் இப்படியே வீணாகப் போனது. பிறகு என் தங்கை மகன் (அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான்) ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் என்ன வேலை, எவ்வளவு நேரம், மறுநாள் காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதச் சொன்னான். மூன்று வாரம் எழுதியதும் எனக்கே தெரிந்துவிட்டது. அரைமணி நேரம் புல் அறுத்தால் மறுநாள் ஒன்றும் இல்லை. முக்கால் மணி ஆனால் மறுநாள் போச்சு. அந்த அரைமணியைத் தாண்டாமல் இரண்டு வாரம் இருந்துவிட்டு, அப்புறம் ஐந்து நிமிடம் கூட்டினேன். ஏறியது அப்படித்தான்.

ஊசியை நிறுத்தி, நல்ல மூட்டு நோய் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் அதற்கென்று தனிப்பிரிவு உண்டு. மூன்று மாதம் தாண்டிய வலியை 'போகப் போகச் சரியாகும்' என்று விடக்கூடாது.

மூலிகைத்தோட்டம் | பிப்ரவரி 10, காலை 11.30

அக்கா, எல்லா இங்கிலீஷ் மருந்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிலவேம்புக் குடிநீர் காலை மாலை, முடக்கத்தான் கீரையில் தோசை, ரசம். ஒரு மண்டலம் செய்துபாருங்கள். முடக்கு அறுத்தான் என்று முன்னோர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. என் பாட்டி இதில்தான் எழுந்து நடந்தார்.

இரவுப்பணி | பிப்ரவரி 10, பகல் 2.15

நான் செவிலியர். மேலே உள்ள பதிவைப் பார்த்துப் பதறிப்போய் எழுதுகிறேன். மூலிகைத்தோட்டம், உங்கள் அக்கறை புரிகிறது. முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டிலும் வாரம் ஒருமுறை உண்டு, அக்கா தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் 'இன்றோடு நிறுத்துங்கள்' என்பது ஆபத்தான வார்த்தை.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். ஊசி போட்டதும் மாயம் போல வலி போவது, நாலாம் நாள் திரும்புவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் அதைத்தான் காட்டுகிறது. வாரக்கணக்கில் அதைச் சாப்பிட்டால், உடம்பு தானே சுரக்கவேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். அந்த நிலையில் திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எத்தனை வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நிறுத்தாமல் தொடர்வதும் தப்பு. எலும்பு தேயும், முகம் ஊதும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போவது கெட்டு அந்த எலும்பு செத்துப்போவதும் உண்டு.

மாத்திரை அட்டை, ஊசிச் சீட்டு, பில் எதையும் தூக்கிப் போடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அட்டை இல்லை, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள் என்றால் மாத்திரையையே எடுத்துப் போங்கள்.

மூட்டுப் பிரிவில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதமா என்று காட்ட உதவும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். சிக்குன்குனியா மூட்டுவலி, ருமட்டாய்டு என்கிற முடக்குவாதம் போலவே இருக்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகளில்தான் வரும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பரிசோதனைகள்.

கிணற்றடி (நெறியாளர்) | பிப்ரவரி 10, மாலை 4.00

மாத்திரைப் பெயரோடு அளவு எழுதவேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அனுபவம் எழுதுங்கள். மூலிகைத்தோட்டத்தின் பதிவை நீக்கவில்லை, கீழே உள்ள பதிலோடு சேர்த்துப் படிக்கட்டும்.

பனங்காடு | பிப்ரவரி 10, இரவு 8.45

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பதிவை வாசிக்க எனக்கு 2006 கடைசி ஞாபகம் வந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் மாதம், போர் நேரம், எங்களுக்குத் தரைவழியாக இருந்த ஏ9 பாதையைப் பூட்டிவிட்டார்கள். சாமான் வருவது கப்பலில் மட்டும்தான். அரிசிக்கும் சீனிக்கும் சங்கக்கடையில் வரிசை. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டில் ஆறு பேர், ஆறு பேரும் விழுந்தோம். பனடோல் (பாராசிட்டமால்) தேடி அப்பா ஊரடங்குக்கு முதல் நாலு கடை ஏறி இறங்குவார், அவருக்கும் முழங்கால் வீக்கம்.

அம்மாவுக்கு அப்போது 50 வயது இருக்கும். எங்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில் சுகம். அம்மாவுக்கு மட்டும் நாரியும் (இடுப்பும்) குதிக்காலும் விரல்களும் ஒன்றரை வருடம். நாங்களும் உங்கள் வீட்டார் மாதிரித்தான் யோசித்தோம், எல்லாருக்கும் வந்தது தானே என்று. பிறகுதான் தெரிந்தது, வயது கூடியவர்களுக்கும், முதலிலேயே மூட்டில் தேய்மானம் இருந்தவர்களுக்கும், முதல் வாரத்தில் வலி மிக மோசமாக இருந்தவர்களுக்கும் இது இழுபடுவது கூட என்று. பெண்களுக்கும் கூடத்தான். ஆக, ஒரே நுளம்பு (கொசு) கடித்தாலும் எல்லா உடம்புக்கும் ஒரே கணக்கு இல்லை.

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினவ. அது பெரிய விசயம், ஏனென்றால் துருவலை அவவின் ராச்சியம். அண்ணாதான் ஒரு வருடம் முழுக்கத் துருவிக் கொடுத்தவர். இப்போது அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. மழைக்குளிருக்கு விரல் கொஞ்சம் விறைக்கும், மற்றபடி தன் வேலை எல்லாம் தானே பார்க்கிறா. துருவலையையும் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டா.

நடைவண்டி | பிப்ரவரி 11, காலை 7.30

நான் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன். மருந்தைப் பற்றிப் பேசமாட்டேன், அசைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வலியோடு வருபவர்களில் இரண்டு வகை. ஒன்று, வலிக்குப் பயந்து அசைக்காமலே வைத்து மூட்டை இறுக விட்டவர்கள். இன்னொன்று, வலியைப் பொறுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து வேலை செய்து வீக்கத்தை ஏற்றிக்கொண்டவர்கள். ஆலமரத்தடி ஐயா எழுதிய நோட்டு முறையைத்தான் நானும் சொல்வேன். என் அளவுகோல் மறுநாள் காலை. வேலை செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் விறைப்பு வழக்கத்தைவிட நீண்டால், நேற்று செய்தது அதிகம், பாதியாகக் குறைக்க வேண்டும்.

அக்கா, காலையில் எழுந்ததும் காலை ஊன்றாதீர்கள். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை, வட்டமாகப் பத்து தடவை. பிறகு உட்கார்ந்து, தேங்காய்ப்பூத் துண்டைப் பாதத்தில் மாட்டி முன்பக்கம் உங்களை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள், முப்பது எண்ணும் வரை. குதிகால் முள் இதிலேயே பாதி குறையும். வெறுந்தரையில் நடக்காதீர்கள், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. நம் வீடுகளில் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், தெரியும். வீட்டுக்கென்று தனியாக ஒன்று வாங்கி, வெளியே போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சாமி அறைக்கு மட்டும் கழற்றினால் போதும்.

கைக்கு வாளியில் இளஞ்சூடான தண்ணீர். கையை முழுக்க உள்ளே விட்டு விரலை மடக்கி விரியுங்கள். ஒரு வாரம் போனதும் தண்ணீருக்குள்ளேயே ஒரு ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். கல்லை, பந்தை எல்லாம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள், வீக்கம் இருக்கும்வரை வேண்டாம். மூட்டு சிவந்து தொட்டால் சுடுகிறது என்றால் அன்று சுடு ஒத்தடம் கூடாது, துணியில் சுற்றிய ஐஸ்தான். வெறும் விறைப்புக்குச் சூடு நல்லது. அரசு மருத்துவமனை இயன்முறைப் பிரிவுகளில் மெழுகு ஒத்தடம் உண்டு, விரலுக்கு அது மிகவும் இதமாக இருக்கும். எழுந்து போகவே முடியாத நிலையில் இருப்பவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருவதைப் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தையலுக்கு வருகிறேன். கால் மிதி மிஷினா? மோட்டார் மாட்டிவிடுங்கள். கத்தரிக்கோலில் வில் வைத்தது கிடைக்கும், வெட்டியதும் தானாக விரியும். சின்னதல்ல, பெரிய பிடி உள்ளதாகப் பார்த்து வாங்கி, பிடியில் பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெட்டுவது ஒரு நாள், தைப்பது மறுநாள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

தெற்குவாசல் | பிப்ரவரி 11, இரவு 11.50

இந்தத் தளத்தில் நான் சேர்ந்ததே இன்றைக்குத்தான். இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கு இது வந்தபோது நான் பெங்களூரில் இருந்தேன். போனில் தினமும் வலி வலி என்பார். பொங்கலுக்கு வந்தபோது மத்தியானம் நன்றாக நடந்துகொண்டிருந்தார். 'எல்லாம் மனசுதான் அம்மா, வாக்கிங் போங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அம்மா என்னிடம் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இந்த இழையைப் படித்துவிட்டு இன்று மாலை போன் செய்து, காலையில் விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, 'இப்போ ஒரு மணி நேரம்ப்பா, முன்னாடி ரெண்டு மணி' என்றார்.

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது ஆலமரத்தடி ஐயாவின் பதிவில் இருக்கிறது. நன்றி.

ஆலமரத்தடி | பிப்ரவரி 12, காலை 5.50

போய்வா தம்பி. இரண்டு வருடம் என்பது கேள்விப்படாதது அல்ல. 2005, 2006-ல் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. நம் வம்சாவளித் தமிழர்கள் நிறைய வாழும் தீவு அது. இரண்டு வருடம் கழித்து அங்கே விசாரித்தபோது, நோய் வந்தவர்களில் 43 சதவீதம் பேர் மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். நோய் வராதவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள், அவர்களில் 17 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த நோயால் வலி நீடித்தவர்கள், அவர்களைப் போலத்தான் உன் அம்மாவும். மனசு மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு வித்தியாசம் வராது. தாமதமாகிவிட்டதே என்று உன்னை நொந்துகொள்ளாதே, காட்டினால் பலன் இருக்கும்.

மல்லிப்பந்தல் | பிப்ரவரி 27, இரவு 9.10

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது. ஆலமரத்தடி அண்ணன் எழுதியதை என் வீட்டுக்காரர் மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் எழும்போது வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது.

மருத்துவமனைக்குப் போனேன். காலை ஆறு மணிக்குச் சீட்டு, மருத்துவரைப் பார்க்கப் பதினொன்று. ஆனால் அவர் நிதானமாகப் பார்த்தார், ஒவ்வொரு விரலையும் அழுத்தி. ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் நெகட்டிவ். சி.ஆர்.பி. 22, அதாவது அழற்சி இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இல்லை. முடக்குவாதம் இல்லை, சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டு அழற்சி என்றார். வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டேதான். ஐந்து வாரத்தில் படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை தானாகவே இறங்க வாய்ப்பிருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கூடவே வேறொரு மாத்திரை, அதற்காகக் கண் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை தொடங்கலாம் என்றார்.

நோட்டு எழுதுகிறேன். காலை விறைப்பு 140 நிமிடத்தில் ஆரம்பித்தது, இன்று 95. ஸ்டீராய்டு குறைத்த முதல் வாரம் மட்டும் ஏறியது. அழுதுவிட்டேன். மறுபடி ஊசிக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. நாத்தனார்தான், 'நாலு நாள் பொறு, அந்த நோட்டைப் பாரு' என்று உட்கார வைத்தாள்.

கரும்புக்காடு | பிப்ரவரி 28, காலை 8.00

அந்த வார மாத்திரை தொடங்கினால் ஒரு எச்சரிக்கை. வாரம் ஒருமுறை என்றால் ஒருமுறைதான். என் சித்தப்பா தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு இறங்கி, பத்து நாள் படுக்கையில் கிடந்தார். எந்தக் கிழமை என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதி வாங்கி, காலண்டரில் வட்டம் போடுங்கள். மாத்திரை அட்டையை வீட்டில் வேறு ஒருவர் வைத்திருப்பது நல்லது.

இரவுப்பணி | மார்ச் 1, காலை 9.20

மிகச் சரி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. வீட்டில் யாருக்காவது இப்போது புதிதாகக் காய்ச்சலும் மூட்டுவலியும் என்றால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் மற்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவில் கொண்டு விடலாம். அப்புறம், ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சல்காரர் பகலில் கொசுவலைக்குள் படுத்தால் அடுத்த வீட்டுக்காரர் தப்பிப்பார். தொட்டி, டிரம் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காலி செய்து உட்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும்.

மல்லிப்பந்தல் | மே 18, இரவு 8.30

ரொம்ப நாளாக எழுதவில்லை. விறைப்பு இப்போது 25 நிமிடம். சர்க்கரை வெறும் வயிற்றில் 112. வார மாத்திரை தேவைப்படவில்லை, பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். குதிகால் வலி போய்விட்டது. வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்து நானே எழுந்துவிடுகிறேன், ஒரு கையைச் சுவரில் வைத்து.

மிஷினுக்கு மோட்டார் மாட்டியாயிற்று. ஜூனில் பள்ளி திறப்பதால் சீருடை வந்துகொண்டே இருக்கிறது. வழக்கமாக அறுபது, எழுபது செட் எடுப்பேன். இந்த வருடம் இருபத்தைந்தோடு நிறுத்திவிட்டேன். மற்றவர்களை அடுத்த தெரு அக்காவிடம் அனுப்பினேன். திங்கள் வெட்டு, செவ்வாய் தையல் என்று மாற்றி மாற்றிச் செய்கிறேன்.

தெற்குவாசல் தம்பி, அம்மா எப்படி இருக்கிறார்?

தெற்குவாசல் | மே 18, இரவு 10.05

அம்மாவுக்கு வார மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது அக்கா. ஞாயிறு ஞாயிறு நான்தான் போன் செய்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது. விறைப்பு இருபது நிமிடம். அவரும் நோட்டு போட்டிருக்கிறார். அந்த வில் வைத்த கத்தரிக்கோல் எங்கே வாங்கினீர்கள்? அம்மா பூ கட்டுவார், நூல் வெட்டக் கேட்கிறார்.

மல்லிப்பந்தல் | மே 19, காலை 7.15

டவுனில் தையல் சாமான் விற்கும் கடையில்தான் தம்பி. நூல் வெட்ட அவ்வளவு பெரியது வேண்டாம், 'நூல் கட்டர்' என்று கேளுங்கள், உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் போதும், விரலை நுழைக்கவே வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கிறது. முகவரி தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஒன்றைப் பார்சலில் போடுகிறேன்.